மார்வெல் லெஜண்ட்ஸ் பொம்மைகள்: கையில் அருமை, அலமாரித் தட்டில் எப்படி?

காமிக்ஸ் நாயகர்களின் ஆக்‌ஷன் ஃபிகர், அதாவது மூட்டு அசையும் பொம்மை, சேர்க்க நினைப்பவருக்கு முதலில் கிடைக்கும் யோசனை பெரும்பாலும் மார்வெல் லெஜண்ட்ஸ் வரிசைதான். அதில் தப்பில்லை. டாய் பிஸ் நிறுவனம் 2002-இல் கேப்டன் அமெரிக்கா, அயர்ன் மேன், ஹல்க், டோட் என்று நான்கே பொம்மைகளோடு இதைத் தொடங்கியது. 2007 முதல் ஹாஸ்ப்ரோ நிறுவனத்தின் கையில் இருக்கிறது. நடுவில் கொஞ்ச காலம் தொய்வு, 2012-க்குப் பிறகு மறுபடி வேகம். எக்ஸ்-மென்னில் யாருக்கும் நினைவில்லாத ஐந்தாம் வரிசை ஆள்வரை பொம்மையாக வந்திருக்கிறார்கள். இந்த விலைக்கு இவ்வளவு நீளமான பாத்திரப் பட்டியல் வேறு எந்த வரிசையிலும் இல்லை.

ஆனால் இணையத்தில் வரும் விமர்சனங்களில் பாதிக்கு மேல் பெட்டியைப் பிரித்த அன்றே எழுதியவை. அன்றைக்கு எல்லாமே அழகுதான். சேகரிப்பவர் வீட்டில் ஒரு பொம்மை கையில் இருப்பது பத்து நிமிடம், தட்டில் நிற்பது வருடக் கணக்கில். எனவே இந்த வரிசையை நிற்கும் பொருளாக வைத்து எடைபோடுவதுதான் நியாயம்.

முதலில் பெட்டிக்குள் இருப்பது. உயரம் ஆறு அங்குலம், அதாவது சுமார் 15 செ.மீ., 1:12 அளவு. அமெரிக்காவில் நெடுங்காலம் 20 டாலரை ஒட்டியிருந்த விலை படிப்படியாக ஏறி 25 டாலரைத் தொட்டுவிட்டது. முழங்கையிலும் முழங்காலிலும் இரட்டை மூட்டு, சுழலும் தொடை, முன்னும் பின்னும் பக்கவாட்டிலும் அசையும் கணுக்கால். கூடவே மாற்றுக் கை ஒரு ஜோடி, சில பொம்மைகளுக்கு மாற்றுத் தலை. திரைப்பட நடிகர்களின் முகங்கள் 2010-களின் இறுதியிலிருந்து வண்ணத்தை அச்சிடும் முறையில் வருவதால் கண்ணும் புருவமும் இடம் மாறி அசட்டு முழியோடு நிற்கும் தொல்லை வெகுவாகக் குறைந்துவிட்டது. இன்னொரு நல்ல மாற்றம் மூட்டு ஆணி மறைந்தது. பழைய பொம்மைகளில் சிவப்பு முழங்காலின் இரு பக்கமும் நீல நிறத்தில் ஆணியின் தலை தெரியும். 2020-களின் தொடக்கத்திலிருந்து வரும் பலவற்றில் அது வெளியே தெரிவதில்லை. புகைப்படம் எடுப்பவருக்கு இது சின்ன விஷயம் அல்ல. பழசும் புதுசும் பக்கத்தில் நின்றால் பழசு உடனே கண்ணை உறுத்தும்.

அளவு விஷயத்தில் ஹாஸ்ப்ரோ பாதி ஒழுங்கு, பாதி சமாளிப்பு. 1:12 என்றால் கணக்கு சுலபம்: பாத்திரத்தின் உயரத்தைப் பன்னிரண்டால் வகுக்க வேண்டும். ஆறடி இரண்டு அங்குலக் கேப்டன் அமெரிக்கா 15.7 செ.மீ.யை ஒட்டி வருகிறார், சரி. காமிக்ஸில் வோல்வரின் ஐந்தடி மூன்று அங்குலம், அவர் 13.3 செ.மீ.தான் இருக்க வேண்டும். பல வோல்வரின்கள் அதைவிட உயரமாக வருகிறார்கள். உலோக உடலோடு ஏழடி ஐந்து அங்குலம் நிற்கும் கொலோசஸ் 19 செ.மீ. வர வேண்டும். அளவு பிசகுவதற்குக் காரணம் வார்ப்பு அச்சின் செலவு. ஒரே உடல் அச்சை வைத்து நிறத்தையும் தலையையும் மாற்றி ஒரு பத்துப் பேரை இறக்கிவிடுவார்கள். சேகரிப்பவர்கள் அந்த உடல்களுக்குச் செல்லப்பெயரே வைத்திருக்கிறார்கள்: கேப்டனின் கூட்டாளி பக்கி அணிந்த கேப்டன் அமெரிக்கா உடையில் வந்த அச்சு ‘பக்கி கேப்’, கையில் பீட்சாத் துண்டோடு வந்த ஸ்பைடர்மேனின் அச்சு ‘பீட்சா ஸ்பைடி’. வாங்கும் முன் அந்தப் பொம்மை எந்த உடலில் வருகிறது என்று பார்த்துவிட்டால் பாதி ஏமாற்றத்தைத் தவிர்க்கலாம். பீட்சா ஸ்பைடி உடலில் வரும் ஒல்லிப் பாத்திரங்கள் அநேகமாக நன்றாகவே இருக்கும்.

இனி கணுக்கால். இந்த வரிசையின் உண்மையான பலவீனம் அங்கேதான்.

பொம்மையின் மார்பும் தோளும் கனம். அந்தக் கனம் முழுவதையும் தாங்குவது சுண்டு விரல் நுனி அளவுள்ள இரண்டு மூட்டுகள். உடலின் பல பாகங்களில் இருப்பது மென்மையூட்டி கலந்த பி.வி.சி. அந்தப் பிளாஸ்டிக்குக்கு ஒரு குணம் உண்டு: தொடர்ந்து சுமை இருந்தால் மெல்ல மெல்ல வளைந்துகொடுக்கும், வெப்பம் கூடினால் இன்னும் சீக்கிரம். முதல் வாரம் நேராக நின்ற ஸ்பைடர்மேன் சித்திரை வெயில் முடிவதற்குள் லேசாக முன்னால் சாய்ந்திருப்பார். சாய்ந்ததும் எடை மையம் பாதத்துக்கு வெளியே போகும், சாய்வு இன்னும் வேகமெடுக்கும். ஒருநாள் இரவு ‘தடால்’. ஒருவர் விழுந்தால் முன்வரிசையில் நான்கு பேரையும் சேர்த்து இழுத்துக்கொண்டு போவார். கண்ணாடித் தட்டிலிருந்து தரைக்கு விழும் பொம்மையில் முதலில் போவது பெரும்பாலும் மணிக்கட்டு முளை (கையை மாட்டும் சிறு குச்சி) அல்லது கையிலுள்ள மெல்லிய ஆயுதம்.

ஆகவே, கால்களை அகட்டி, ஒரு பாதத்தை அரை அங்குலம் பின்னே தள்ளி, இடுப்பைத் துளி பின்னால் சாய்த்து நிறுத்துங்கள். விறைப்பாக அட்டென்ஷனில் நிற்பதுதான் இருப்பதிலேயே மோசமான நிலை. பொம்மைகளின் உள்ளங்காலில் பொதுவாக ஒரு துளை இருக்கும். அதற்குள் நுழையும் முளை வைத்த வட்டத் தட்டுகள் தனியாக விற்கின்றன. மார்வெல் லெஜண்ட்ஸ் பெட்டியில் ஹாஸ்ப்ரோ வழக்கமாக அதைத் தருவதில்லை. 25 டாலர் வாங்கிக்கொண்டு ஒரு பிளாஸ்டிக் வட்டம் தராதது கஞ்சத்தனம்தான். ஒப்பிட்டால், மெக்ஃபார்லேன் நிறுவனம் 2020-இல் தொடங்கிய டி.சி. மல்ட்டிவெர்ஸ் வரிசையில் பெட்டிக்கு ஒரு வட்டத் தட்டு கூடவே வந்தது. முளையை எடை தாங்கும் காலில் மாட்டுங்கள், தூக்கிய காலில் அல்ல. துளையின் விட்டம் எல்லாப் பொம்மைக்கும் ஒன்றல்ல என்பதால் முளை லொடலொடத்தால் அதைச் சுற்றி ஒரு சுற்று டெஃப்லான் டேப், அதாவது குழாய்க்குச் சுற்றும் வெள்ளை டேப், போதும். இறுகினால் முளையை மெல்லிய உப்புத்தாளில் தேயுங்கள். பாதத்தைத் துளையிட்டுப் பெரிதாக்கப் போகாதீர்கள்.

மூட்டே தளர்ந்திருந்தால் வேறு வைத்தியம். தரைக்குப் பூசும் நிறமற்ற அக்ரிலிக் பாலிஷ், அல்லது ஓவியக் கடையில் கிடைக்கும் நீர் சார்ந்த அக்ரிலிக் வார்னிஷ், மெல்லிய தூரிகை நுனியில் ஒரு சொட்டு. மூட்டின் இடுக்கில் விட்டு, நாலு பக்கமும் அசைத்து உள்ளே இறங்கவிட வேண்டும். பிறகு அரை மணிக்கு ஒருதரம் லேசாக அசைத்து, ஒரு நாள் முழுக்க உலரவிட வேண்டும். அசைக்காமல் விட்டால் மூட்டு ஒட்டிக்கொள்ளும். ஒரு பூச்சு போதாவிட்டால் இன்னொன்று. சூப்பர் க்ளூவை இதே வேலைக்குச் சொல்வார்கள். அது வேலை செய்யும், ஆனால் கை இரண்டு நொடி நின்றால் மூட்டு நிரந்தரச் சிலை. நகப்பூச்சில் இருக்கும் கரைப்பான் வண்ணத்தையும் பிளாஸ்டிக்கையும் அரிக்கக்கூடும், அது வேண்டாம்.

இறுகிப்போன மூட்டு இதற்கு நேர் எதிர். புதுப் பொம்மையில் இரண்டு பாகத்துக்கு நடுவே வண்ணம் காய்ந்து ஒட்டியிருக்கும். குளிர்ந்த நிலையில் முறுக்கினால் முளை திருகி அறுந்துவிடும். முழங்கையோ முழங்காலோ, முளை எவ்வளவு திருகியது என்பது வெளியே தெரியாது. அறுந்த பிறகுதான் தெரியும். கொதித்து இறக்கிய வெந்நீரில் அந்த உறுப்பை மட்டும் அரை நிமிடம் முதல் ஒரு நிமிடம் வையுங்கள், அல்லது ஹேர் டிரையரைப் பக்கவாட்டில் காட்டுங்கள். பிளாஸ்டிக் இளகியதும் சிறு சிறு அசைவாக விடுவியுங்கள். கை மாற்றும்போதும் இதே விதி: மணிக்கட்டைச் சூடாக்கி, நேராக இழுத்து, நேராகச் செருக வேண்டும். பெட்டியில் நசுங்கி வளைந்த வாளை வெந்நீரில் நனைத்து நிமிர்த்தி, அப்படியே ஐஸ் தண்ணீரில் முக்கினால் நேராகவே நின்றுவிடும். துணியில் தைத்த அங்கி, பேட்டரி உள்ள பொம்மை ஆகியவற்றை வெந்நீர்ப் பக்கமே கொண்டுபோகக் கூடாது.

இந்த வரிசைக்கே உரிய கவர்ச்சி, சேர்த்துக் கட்டும் பெரிய பொம்மை: பில்ட்-எ-ஃபிகர். 2005-இல் கேலக்டஸ் என்ற ராட்சதப் பாத்திரத்தில் தொடங்கிய வழக்கம். ஒரு தொகுப்பில் ஆறேழு பொம்மைகள் வரும். ஒன்றில் வலது கை, ஒன்றில் தலை, ஒன்றில் உடல். எல்லாவற்றையும் வாங்கினால் எட்டு, ஒன்பது அங்குலத்தில் ஒரு வில்லன் முழுமையாவான். வியாபாரத் தந்திரம்தான், ஆனால் நல்ல தந்திரம். ஆறு பொம்மை 25 டாலர் வீதம் 150 டாலர். அதில் வேண்டியவை நான்குதான் என்றால், மீதி இரண்டின் 50 டாலர் ஒரு இடது காலுக்கும் இடுப்புக்கும் கொடுக்கும் விலை. உதிரிப் பாகத்தைத் தனியாக விற்பவர்கள் உண்டு. தொகுப்பு கடையில் இருக்கும்வரை பாகங்கள் மலிவு, கடையிலிருந்து மறைந்ததும் தலையும் உடலும் விலையேறும். பொருத்தும்போது ஏற்கும் பக்கத்தை, அதாவது குழியை, சூடாக்குங்கள், முளையை அல்ல. முளை சூடானால் வளையும். ‘க்ளக்’ என்று ஒருமுறை உட்கார்ந்துவிட்டால் பிரிப்பது பெரும்பாடு, ஆகவே வலது இடது பார்த்துச் செருகவும்.

உண்மையிலேயே பெரியது வேண்டுமென்றால் ஹாஸ்ப்ரோவின் ஹாஸ்லாப் திட்டத்தில் முன்பதிவு எடுத்துச் செய்தவை இருக்கின்றன. 2020-இல் முன்பதிவு தொடங்கிய சென்டினல் ரோபோ 26.3 அங்குலம், 350 டாலர். 2021-இன் கேலக்டஸ் 32 அங்குலம், 400 டாலர். கேலக்டஸ் 81 செ.மீ. என்பதை மறக்காமல் அலமாரியின் மேல் பலகைக்கும் கூரைக்கும் நடுவே அளந்துவிட்டுப் பழைய சந்தையில் தேடுங்கள்.

அலமாரிக்கு வருவோம். பலரும் கண்ணாடிப் பெட்டியை வாங்கிவிட்டுத்தான் கணக்குப் போடுகிறார்கள். ஐகியாவின் டெட்டால்ஃப் சேகரிப்பவர்களிடையே பெயர்பெற்றது, 43 செ.மீ. அகலம், 37 ஆழம், 163 உயரம், நான்கு அடுக்கு. அடுக்குக்கு 40 செ.மீ.க்குக் கொஞ்சம் குறைவு. ஒரு அடி உயரமுள்ள ஹாட் டாய்ஸ் பொம்மைக்கு அது அளவெடுத்துத் தைத்த சட்டை. 15 செ.மீ. பொம்மைக்கோ தலைக்கு மேல் வெறும் காற்று. பல நாடுகளில் இப்போது விற்பனையிலும் இல்லை. ஆறு அங்குலத்துக்கு அதே கடையின் பில்லி புத்தக அலமாரியே உத்தமம்: 80 அகலம், 28 ஆழம், 202 உயரம், தட்டுகளை மேலே கீழே மாற்றலாம். ஐகியா இல்லாத ஊரில் தச்சரிடம் இந்த அளவைக் கொடுத்தாலே போதும்.

உள்ளே கிடைப்பது சுமார் 76 செ.மீ. அகலம், 26 செ.மீ. ஆழம். ஒரு பொம்மைக்கு 7.5 செ.மீ. அகலமும் 8 செ.மீ. ஆழமும் விட்டால் வரிசைக்குப் பத்து, மூன்று வரிசை. முன்வரிசை தட்டிலேயே நிற்கட்டும், நடுவரிசைக்கு 5 செ.மீ. படி, பின்வரிசைக்கு 10 செ.மீ. படி. பின்வரிசையை அரை இடம் தள்ளி, முன்னால் நிற்கும் இருவருக்கு நடுவே முகம் தெரியும்படி வைத்தால் தட்டுக்கு 29, 30 பேர். கொஞ்சம் கை கால் நீட்டி உயிரோடு நிற்க வேண்டுமென்றால் இருபதில் நிறுத்திக்கொள்ளுங்கள். உயரம்: 10 படி, 16 பொம்மை, தூக்கிய கைக்கு 6, ஆக 32 செ.மீ. தட்டு கண் மட்டத்துக்குக் கீழே இருந்தால் இந்தப் படி போதும். கண் மட்டத்துக்கு மேலே போனால் முன்வரிசை பின்வரிசையை விழுங்கிவிடும். அங்கே ஒரே வரிசை, அல்லது பெரிய உடலுள்ள பில்ட்-எ-ஃபிகர்கள் மட்டும். பறக்கும் நிலைக்கு பந்தாயின் தமாஷி ஸ்டேஜ் மாதிரி இடுப்பைக் கவ்வும் ஒளிபுகு தாங்கி பொருந்தும். மெலிந்த பொம்மைக்குச் சரி, ஹல்க்கைத் தொங்கவிட நினைக்க வேண்டாம்.

விளக்கு: 12 வோல்ட் எல்.ஈ.டி. பட்டை, தட்டின் மேல் முன்விளிம்பில், உள்நோக்கி. பின்சுவரில் ஒட்டினால் எல்லாரும் நிழலுருவமாகிவிடுவார்கள். ஒளியின் நிற அளவு 6500 கெல்வின் என்றால் முகம் வெளுத்துப்போகும், 3000-இல் நீல உடை மங்கும். 4000 இரண்டுக்கும் நடு. பட்டையை நேராக மரத்தில் ஒட்டினால் பசை விட்டுத் தொங்கும், பால் நிற மூடியுள்ள அலுமினியச் சட்டத்தில் வையுங்கள். மின்மாற்றி அலமாரிக்கு வெளியே இருக்கட்டும். மூடிய பெட்டிக்குள் வெப்பம் தங்கினால் மேலே சொன்ன கணுக்கால் கதைதான்.

பி.வி.சி.யின் இன்னொரு தொல்லை, மென்மையூட்டி வெளியே கசிவது. காற்றோட்டமில்லாத இடத்தில் பொம்மையின் மேல் பிசுபிசுப்பு தட்டும், தூசு அதில் அப்பிக்கொள்ளும். வெதுவெதுப்பான நீரில் ஒரு துளி பாத்திரம் கழுவும் திரவம் விட்டு மென்மையான பல் தூரிகையில் தேய்த்து, நன்றாக உலர்த்தினால் போகும். கொஞ்ச நாளில் திரும்பவும் வரலாம். அதே கசிவு வண்ணமடித்த தட்டிலும் அக்ரிலிக் படியிலும் பாத வடிவத்தில் கறை பதிக்கும், சிவப்பு பூட்ஸ் என்றால் நிறமும் இறங்கும். பாதத்தின் கீழே மெல்லிய ஒளிபுகு பி.இ.டி. (PET) பிளாஸ்டிக் தாள் ஒன்றை வெட்டிப் போட்டால் தீர்ந்தது. வெள்ளை உடைகள் மஞ்சளாவது புற ஊதாக் கதிரால். சன்னலுக்கு எதிர்ச் சுவரை விட்டுவிட்டு, சன்னல் இருக்கும் சுவரிலேயே அலமாரியை வைப்பது நல்லது.

மற்ற வரிசைகளோடு கலக்க நினைப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. மெடிக்காமின் மாஃபெக்ஸ் 1:12. நேர்த்தியில் பல படி மேலே, விலையிலும் அப்படியே. மெஸ்கோவின் ஒன்:12 கலெக்டிவ் துணி உடை போட்டது, லெஜண்ட்ஸ் பக்கத்தில் நின்றால் வேறு உலகத்து ஆள் மாதிரி தெரியும். டி.சி. மல்ட்டிவெர்ஸ் ஏழு அங்குலம், ஆகவே பேட்மேனையும் கேப்டன் அமெரிக்காவையும் சண்டைக்கு விட்டால் கேப்டன் தம்பி மாதிரி இருப்பார். தனித் தட்டு கொடுங்கள்.

வாங்கும் இடத்தில் ஒரு எச்சரிக்கை. பிளாஸ்டிக்கைக் குறைக்கிறோம் என்று 2022 வாக்கில் ஹாஸ்ப்ரோ சன்னல் இல்லாத முழு அட்டைப் பெட்டிக்கு மாறியது. உள்ளே இருப்பது வண்ணம் பிசகிய பொம்மையா, யாரோ திருப்பிக் கொடுத்த பழைய பொம்மையா என்றே தெரியாமல் போனதால் எதிர்ப்பு கிளம்பி, 2023-இல் சன்னலைத் திரும்பக் கொண்டுவர முடிவெடுத்தார்கள். அந்த இடைக்காலப் பெட்டிகள் பழைய சந்தையில் இன்னும் சுற்றுகின்றன. மேலும் கீழும் ஒட்டிய டேப் இரட்டையாக இருந்தால், அட்டையின் நாக்கு மடிந்து வெளுத்திருந்தால் வாங்காதீர்கள்.

இந்தியாவில் விலை கேட்டால் திகைப்பாக இருக்கும். விளையாட்டுப் பொருள்களுக்கான இறக்குமதித் தீர்வை 2020-இல் 20-லிருந்து 60 விழுக்காடாகவும், 2023-இல் 70 விழுக்காடாகவும் ஏறியது. 2021 ஜனவரி முதல் ஐ.எஸ்.ஐ. முத்திரையும் கட்டாயம். அந்த இடைவெளியில்தான் போலிகள் புகுந்துகொள்கின்றன. மூன்று இடத்தைப் பாருங்கள்: தொடையின் பின்புறமோ பாதத்திலோ பொறித்த நிறுவனப் பெயரும் உரிமை வரியும், கண்ணின் ஓரம், முழங்கை மூட்டின் இடுக்கு. போலியில் எழுத்து இராது அல்லது தேய்ந்திருக்கும், கண் வெள்ளை இமைக்கு மேலே வழிந்திருக்கும், மூட்டின் இடுக்கில் அச்சுப் பிசிறு விரலில் நெருடும். இணையத்தில் வாங்கினால் பாதத்தின் அடிப்பக்கத்தைப் படமெடுத்து அனுப்பச் சொல்லுங்கள்; அசல் வைத்திருப்பவர் அதற்குச் சுணங்க மாட்டார்.